ப்ளோயர் அறைக்குள்: ஒரு குடியிருப்பின் கழிவுநீர் எப்படித் தெளிகிறது

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கார் நிறுத்தும் அடித்தளத்தின் ஏதோ ஒரு மூலையில் பூட்டிய கம்பிக்கதவு இருக்கும். உள்ளேயிருந்து இரவும் பகலும் ஒரே சுருதியில் இரைச்சல் கேட்கும். குடியிருப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. நாற்றம் வந்தால் புகார் சொல்வார்கள், பராமரிப்புக் கட்டணம் ஏறினால் ஏன் என்று கேட்பார்கள். மற்றபடி எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்ற பெயரோடு சரி.

எங்கள் குடியிருப்பில் மூன்று வருடம் அசோசியேஷன் சார்பில் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. முதல் ஆறு மாதம் அதை ஒரு மோட்டார் அறை என்றே நினைத்திருந்தேன். பம்பு ஓடுகிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். அப்புறம்தான் மெதுவாகப் புரிந்தது: அந்தத் தொட்டிக்குள் நாங்கள் உயிர் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தீனி வேண்டும், மூச்சு வேண்டும், அளவுக்கு மேல் பெருகினால் கொஞ்சம் கழிக்க வேண்டும். இது புரிந்த பிறகு அங்கே நடக்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் தெரிய ஆரம்பித்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 120 வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்கள் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் 64,800 லிட்டர். அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பதும் வழக்கமான கணக்குதான். ஆக, தினமும் சுமார் 52,000 லிட்டர். இந்த நிலையம் இல்லாவிட்டால் 12,000 லிட்டர் லாரிகள் தினமும் நாலு நடைக்கு மேல் வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். பாதாளச் சாக்கடை போய்ச் சேராத பகுதிகளில் நகரம் வேகமாக வளர்ந்ததால்தான் இந்த நிலையங்கள் இவ்வளவு பெருகின. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். கழிவுநீரைச் சுத்திகரிப்பது அந்த அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாக வந்துவிடுகிறது.

இந்த 52,000 லிட்டரில் 99.9 விழுக்காடு வெறும் தண்ணீர். மிச்சமிருக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகத்தான் இத்தனை தொட்டிகள். அந்த ஒரு பங்கு எவ்வளவு பொல்லாதது என்பதை அளக்க பி.ஓ.டி. என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் மக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும்போது எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே அது. மேல்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்ப இங்கே 27 டிகிரியில் மூன்று நாள்.

வீட்டுக் கழிவுநீருக்கு இது 250 அளவில் இருக்கும். இப்போது ஒரு ஏரித் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். அதாவது நாம் அப்படியே திறந்துவிடும் ஒரு லிட்டர் கழிவு, முப்பது லிட்டருக்கு மேற்பட்ட ஏரித் தண்ணீரின் மூச்சைக் குடிக்கும் வல்லமை உள்ளது. மீன்கள் செத்து மிதப்பதற்கு விஷம் எதுவும் கலக்க வேண்டிய அவசியமில்லை, மூச்சுக்காற்று தீர்ந்தாலே போதும். பழைய மகாபலிபுரம் சாலையின் ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறுபக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். எங்கள் தொட்டியிலிருந்து வழிவது எங்கே போகும் என்று யோசிக்க வரைபடம் தேவையில்லை.

வெளியே விடும் நீரில் பி.ஓ.டி. பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30 என்று 2017-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பு வைத்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெரிய நகரங்களுக்கு அதை 10 ஆக்கச் சொன்னது. 250-ஐ 10 ஆக்குவதுதான் அந்தக் கம்பிக்கதவுக்குப் பின்னால் நடக்கும் வேலை.

குழாய் வழியே வரும் கழிவு முதலில் ஒரு கம்பிச் சல்லடையில் மோதும். சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்புத் தாள், முடிக்கற்றை, காது குடையும் பஞ்சுக்குச்சி எல்லாம் அங்கே மாட்டும். அவற்றை ஒரு மனிதர் வாரியால் வாரி எடுக்கிறார், தினமும். நாப்கினை ஃப்ளஷ் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சுற்றறிக்கை விட்டாலும், அதை வாரும் கையை ஒருமுறை நேரில் பார்த்தவர்களே உண்மையில் நிறுத்தினார்கள். சமையலறைக் குழாய்க்குத் தனியாக ஒரு எண்ணெய்ப் பொறி உண்டு. எண்ணெய் மிதக்கும், அதை மேலிருந்து வழித்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அடுத்தது சமன்படுத்தும் தொட்டி. காலை ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை எல்லா வீட்டிலும் குளியல், துவையல், சமையல். மதியம் மூன்று மணிக்கு வெறும் சொட்டு. இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே உள்ளே அனுப்பினால் பின்னால் இருக்கும் உயிர்கள் காலையில் வயிறு வெடித்து, மாலையில் பட்டினி கிடக்கும். அதனால் எல்லாவற்றையும் இந்தத் தொட்டியில் தேக்கி, இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராகப் பம்பு செய்கிறார்கள். இடம் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று சில கட்டுநர்கள் இந்தத் தொட்டியைச் சின்னதாகக் கட்டிவிடுவார்கள். அந்தத் தவறைப் பின்னால் எந்த இயந்திரத்தாலும் திருத்த முடியாது.

சரி, இப்போது அந்த இரைச்சலுக்கு வருவோம். ப்ளோயர் என்பது காற்றை அழுத்தித் தள்ளும் இயந்திரம். அந்தக் காற்று காற்றூட்டும் தொட்டியின் தரையில் இருக்கும் ரப்பர் சவ்வுகளின் பொடித் துளைகள் வழியாக நுண்குமிழிகளாக எழுந்து வரும். தொட்டியில் இருப்பது பழுப்பு நிறக் கலங்கல். முதல்முறை பார்ப்பவர்கள் அதைக் கழிவு என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் உயிர். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு பஞ்சுத் துணுக்குகள்போல மிதக்கின்றன, அவற்றைத் தின்ன ஒருசெல் உயிரிகள் சுற்றி வருகின்றன. நன்றாக இருக்கும் தொட்டியில் மழை பெய்த மண் வாசனைதான் வரும்.

இந்த உயிர்க்கூட்டத்தைச் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டது மான்செஸ்டரில். டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாட்டில்களில் கழிவுநீரை ஊற்றி, வெளிச்சம் படாமல் பழுப்புக் காகிதம் சுற்றி, காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முழுவதும் தெளிய ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை இப்படிச் சோதனை செய்தவர்கள் அடியில் தங்கிய கசடைக் கொட்டிவிடுவது வழக்கம். இவர்கள் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் எடுத்துவிட்டு, அதே கசடின்மேல் புதுக் கழிவை ஊற்றினார்கள். அடுத்த முறை நேரம் குறைந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. கடைசியில் வாரக்கணக்கு போய் மணிக்கணக்கில் வந்து நின்றது. 1914 ஏப்ரலில் இதை அறிவித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் ஓடும் பெரும்பாலான நிலையங்களின் அடிப்படை அந்தப் பாட்டிலில் மிச்சம் வைத்த கசடுதான். அந்தச் சோதனைக்குத் தூண்டுதலாக இருந்த பேராசிரியர் கில்பர்ட் ஃபவுலர் பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து பணியாற்றினார் என்பது எனக்குப் பிடித்த ஒரு கிளைச் செய்தி.

வீட்டில் தயிர் தோய்ப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். உறை இல்லாமல் பால் எப்போது தோயும் என்று சொல்ல முடியாது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி விட்டால் காலையில் தயார். காற்றூட்டும் தொட்டிக்கு உறை, அடுத்த தொட்டியில் படியும் கசடு. அதைப் பம்பு வைத்து விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதுக் குடியிருப்பில் உறைக்கு எங்கே போவது? வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் கசடு வாங்கி ஊற்றுவார்கள். மாட்டுச்சாணம் கரைத்து விடுவதும் உண்டு. 120 வீட்டில் 20 வீடுதான் குடிவந்திருக்கிறது என்றால் உயிர்களுக்குத் தீனி போதாது. அப்போது வெல்லம் கரைத்து ஊற்றுவார்கள், கூடவே கொஞ்சம் யூரியாவும் டி.ஏ.பி.யும். வயலுக்குப் போடும் அதே உரம்தான். நூறு பங்கு பி.ஓ.டி.க்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்ற விகிதத்தில் இந்த உயிர்களுக்குச் சாப்பாடு வேண்டும். பொங்கல் விடுமுறைக்குக் குடியிருப்பே ஊருக்குப் போய்விட்டால் மறுபடி வெல்லம் தேடுவோம்.

எங்கள் ஆபரேட்டர் அண்ணன் ஊரில் மாடு வைத்திருந்தவர். "தீனி இல்லேன்னா ரெண்டு நாள் தாங்கும் சார், மூச்சு இல்லேன்னா ராத்திரி தாங்காது" என்று அவர் ஒருமுறை சொன்னார். நாங்கள் மின்கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்துவரை ப்ளோயரை நிறுத்திய சமயம் அது. நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்குமேல் காற்றுக்கே போகிறது என்பது உண்மைதான், அதில் கைவைக்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். ப்ளோயர் நின்றதும் பசியோடு இருக்கும் உயிர்கள் அதைச் சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். குறைந்த நேரம் நின்றால் சமாளிக்கும். தினமும் ஆறு மணி நேரம் நின்றால் காற்றை நம்பி வாழும் கூட்டம் தளர்ந்து, காற்றில்லாமல் வாழும் கூட்டம் தலையெடுக்கும். எங்கள் தொட்டி மூன்று வாரத்தில் கறுத்தது. முட்டை அழுகிய நாற்றம் நாலாவது மாடிவரை ஏறியது. திரும்பப் பழுப்பு நிறத்துக்கு வர இரண்டு மாதம் பிடித்தது. மிச்சம் பிடித்த பணத்தைவிட லாரிக்கு அதிகம் கொடுத்தோம்.

இந்தக் காற்றுக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளர் உண்டு, அம்மோனியா. சிறுநீரிலிருந்து வரும் நைட்ரஜன் அம்மோனியாவாக நிற்கும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை, நொய்மையானவை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு அவை நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும். நிலையம் நலிவடையும்போது முதலில் சாவது இவைதான். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் ஃப்ளஷ் செய்தால் கழிவறையில் ஒரு நெடி அடிக்கும். அப்போதே ப்ளோயரைப் பார்க்க வேண்டும்.

வீடுகளிலிருந்து வருவதும் இங்கே கணக்கில் வரும். பாலின் பி.ஓ.டி. லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கெட்டுப்போன ஒரு லிட்டர் பாலைத் தொட்டியில் கவிழ்த்தால், 400 லிட்டர் கழிவுநீர் ஒரேயடியாக வந்ததற்குச் சமம். ஒரு வீட்டிலிருந்து என்றால் ஒன்றும் ஆகாது. தீபாவளிக்கு மறுநாள் அறுபது வீட்டிலிருந்து எண்ணெயும் மிஞ்சிய பாயசமும் புளித்துப்போன மாவும் வரும்போது தொட்டி திணறும். கழிவறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் நேர்மாறு, அவை தீனி உண்பவர்களையே கொல்லும். சாதாரணமாக வீட்டில் பயன்படுத்தும் அளவை இவ்வளவு தண்ணீர் நீர்க்கவைத்துவிடும். மேல்தொட்டிகளையெல்லாம் ஒரே நாளில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி அத்தனையையும் நிலையத்துக்குள் விடுவதுதான் ஆபத்து.

காற்றூட்டிய கலங்கல் அடுத்து படிவுத் தொட்டிக்குப் போகும். அங்கே அசைவே கூடாது. துணுக்குகள் அடியில் இறங்க, தெளிந்த நீர் மேலே விளிம்பு வழியாக வழியும். இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாரில் காற்றூட்டும் தொட்டியின் கலங்கலை மொண்டு அரை மணி நேரம் வைத்தால் போதும். அடியில் தங்குவது 250 முதல் 350 மில்லி, அதன்மேல் தெளிந்த நீர் என்றால் நிலையம் நலம். 100 மில்லிகூட இல்லை என்றால் உயிர்கள் குறைவு. 500, 600 என்று நின்றால் ஒன்று, நாள்கணக்கில் யாரும் கசடு கழிக்கவில்லை. அல்லது நூல்போல நீளும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன, அவை பஞ்சைப் போல உப்பி நின்றுகொண்டு படியவே படியாது. காற்றுக் குறைவும் எண்ணெயும் அவற்றுக்கு நல்ல விளைநிலம்.

நம் ஊர் வெப்பத்துக்கே உரிய ஒரு தொல்லையும் இங்கே உண்டு. படிந்த கசடு சில மணி நேரத்தில் கட்டி கட்டியாக மேலே மிதந்து வரும், ஒவ்வொரு கட்டியிலும் பொடிக் குமிழ்கள். காற்றூட்டும் தொட்டியில் உண்டான நைட்ரேட், அடியில் காற்றில்லாமல் கிடக்கும் கசடுக்குள் நைட்ரஜன் வாயுவாக மாறி அதைத் தூக்கிவிடுகிறது. குளிர்நாடுகளில் மெதுவாக நடப்பது இங்கே மளமளவென்று நடக்கும். கசடை அடியில் தேங்கவிடாமல் சீக்கிரம் சீக்கிரம் திருப்பி அனுப்புவதே மருந்து. இது தெரியாத ஒரு பராமரிப்பு நிறுவனத்தினர் மிதந்ததைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு பாக்டீரியா பொடியை மாதாமாதம் எங்களுக்கு விற்றார்கள்.

அதற்குப் பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணல் வடிகட்டி மிச்சத் துகள்களைப் பிடிக்கும், கார்பன் வடிகட்டி நிறத்தையும் நெடியையும் எடுக்கும், கடைசியில் குளோரின் கிருமிகளைக் கொல்லும். அம்மோனியா மிச்சம் இருந்தால் குளோரின் முதலில் அதோடு சேர்ந்துகொள்ளும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது. முன்னால் நடந்த பிழையைப் பின்னால் மருந்து ஊற்றி மறைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. எம்.பி.பி.ஆர்., எஸ்.பி.ஆர்., எம்.பி.ஆர். என்று விற்பனையாளர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் இதே வளர்ப்பின் வகைகள்தான். ஒன்றில் உயிர்கள் பிளாஸ்டிக் வில்லைகளில் ஒட்டி வளரும், ஒன்றில் காற்றூட்டுவதும் படியவைப்பதும் ஒரே தொட்டியில் மாறி மாறி நடக்கும், ஒன்றில் படிவுத் தொட்டிக்குப் பதில் நீரை வடிகட்டும் சவ்வு. பெயரைப் பார்த்து மயங்கத் தேவையில்லை.

தெளிந்த நீர் எங்கே போகிறது? 135 லிட்டரில் 45 லிட்டர் ஃப்ளஷுக்கு என்பது கட்டட விதிகளின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு. இரட்டைக் குழாய் போட்ட கட்டடத்தில் அத்தனையும் இந்த நீரிலேயே ஓடும், தோட்டமும் அதிலேயே பிழைக்கும். 2019 கோடையில் இதன் அருமை தெரிந்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவந்த வருடம். அந்த மாதங்களில் எங்கள் நிலையம் நன்றாக ஓடியதால் தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. இந்த நிலையம் உப்பை எடுக்காது. உயிர்கள் உப்பைத் தின்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரை மென்மையாக்கும் கருவியைக் கழுவும்போது வரும் உப்புநீரும், ஒவ்வொரு சமையலறையிலும் ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரும் தொட்டிக்கே வருகின்றன. சுற்றிச் சுற்றி வரும் ஃப்ளஷ் நீரில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். தோட்டத்தில் இலை நுனி கருகினால் செடியைக் குறைசொல்லாமல் நீரின் டி.டி.எஸ்.ஸை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அளந்து பாருங்கள்.

கசடை, அதாவது ஸ்லட்ஜைப் பற்றி எவருமே பேச விரும்புவதில்லை. தின்பவை பெருகும், பெருகினால் கழிக்க வேண்டும். கழித்த கசடைத் துணி வடிகட்டிகளுக்கு இடையில் வைத்து அழுத்திப் பிழிந்தால் ஈரமான கட்டிகள் கிடைக்கும். நல்ல உரம், ஆனால் புழு முட்டைகள் அதில் உயிரோடு இருக்கும். நன்றாகக் காயவைத்து மக்கவைத்த பிறகுதான் மண்ணில் போடலாம். கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம். இந்தப் பிழியும் வேலை அழுக்கானது, கடினமானது என்பதால் ஆபரேட்டர்கள் தள்ளிப்போடுவார்கள். கணக்கு கேட்காத அசோசியேஷனில் கசடு ஒரு நாள் படிவுத் தொட்டியிலிருந்து வழிந்து வடிகட்டியை அடைக்கும். கடைசியாகக் கசடு எப்போது பிழிந்தீர்கள், எத்தனை மூட்டை என்ற ஒரே கேள்வியில் ஒரு நிலையத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டிகளுக்குள் ஆள் இறங்கக் கூடாது. தேங்கிய கழிவைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஒரேயடியாக வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். குறைந்த அளவில் முட்டை அழுகிய நாற்றம், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. இன்னும் கூடினால் இரண்டு மூச்சில் நினைவு போகும். ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் விழும் செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத் தொட்டிகளில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை எவ்வளவு உயர்ந்தாலும் போனவர் வரப்போவதில்லை. கட்டும்போதே காற்றுச் சவ்வுகளை மேலிருந்து தூக்கி எடுக்கும்படி அமைத்தால் அவற்றை மாற்ற ஆள் இறங்கும் தேவையே இராது. பம்புகளையும் சங்கிலியால் மேலே இழுக்கும்படி வைக்கலாம். வீடு வாங்கும்போது நீச்சல் குளத்தைப் பார்ப்பவர்கள் இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நான் பொறுப்பிலிருந்து விலகும் முன் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். ஆபரேட்டர் அண்ணன் தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடி ஜாரைப் படம் எடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். இப்போது 280 மில்லி என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. 500-ஐத் தாண்டினால் மூன்றாம் மாடியிலிருந்தே கேள்வி வருகிறது: "அண்ணே, ஸ்லட்ஜ் எடுத்தாச்சா?"